கொம்பு முளைத்த வளைகுடா

கடலைக் கடைந்தவர்கள் உண்டு, குடித்தவர் உண்டு, அணை கட்டித் தாண்டியவரும் உண்டு. ஒரு கொம்பையும் ஒரு காலையும் மட்டும் வைத்து ஒரு கடலையே அழித்தவர், உலக வரலாற்றில் தாலுகா ஆபீஸ் கிளார்க் தாணுமாலயன் ஒருவர்தான்.

1956 நவம்பர். நாஞ்சில் நாட்டு ஜில்லா திருக்கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. தாணுமாலயன் பிறந்ததுமுதல் தமிழில் பேசியவர். பள்ளிக்கூடம் போனதுமுதல் மலையாளத்தில் எழுதியவர். இனி எழுதுவதும் தமிழில்தான் என்று உத்தரவு வந்ததும் கண்ணீர் விட்டார். பாதி ஆனந்தம். மீதி, ஒற்று எங்கே மிகும் என்ற பயம்.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி தமிழுக்காக உயிரையே விடத் தயாராக இருந்தவர். முன்பணமாக ள-வையும் ழ-வையும் விட்டிருந்தார்.

"எழுதுங்கல். முட்டத்துக்கு மேற்கே கடல் உல்லே வலைந்து வருகிறது. அதன் பெயர் வலைகுடா. அதைச் சுற்றி மூன்று ஊர்கல்."

தாணுமாலயன் அந்தச் சொல்லை அதுவரை கேட்டதில்லை. பாறையடியில் ஒன்று, மணலில் ஒன்று, தென்னைக்குள் ஒன்று என்று இருந்த அந்த மூன்று ஊர்க்காரர்களும் அதைக் 'கடல்' என்றே சொல்லிவந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் புவியியல் ஞானம். ஆனால் தாணுமாலயனுடையது நாஞ்சில் நாட்டுக் காது. ல வேறு, ள வேறு. அதிகாரி சொன்னது சந்தேகமில்லாமல் 'வலை'. அடுத்தது 'குடா'. பேச்சில் 'குடு' என்றால் எழுத்தில் 'கொடு' என்பது இலக்கணம். அப்படியானால் 'குடா'? மொழிப்பற்று பொங்க, கு-வை அடித்துவிட்டு, க-வுக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் வைத்தார்.

'வலைகொடா ஊர்கள்: மூன்று.'

அதிகாரி வாசிக்காமல் ஒப்பமிட்டார். வாசிப்பவருக்கு ஒப்பமிட நேரம் ஏது?

அந்த வாரமே அடித்த காற்றில் மூன்று ஊர் வலைகளும் கடலோடு போயின. அரசாங்கம் இரங்கி இலவச வலை அனுப்பியது. எட்டாம் நாள், மணல் ஊரில் மீன் விற்கும் வியாகுலம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் வலை வந்துதாமே சாரே. எங்களுக்கு எப்பம்? அடுப்புல பூனை படுத்துக் கெடக்கு."

தாணுமாலயன் ஸ்டோர் குமாஸ்தா செல்வதாஸிடம் ஓடினார்.

"எப்பிடிவேய் கொடுப்பேன்?" செல்வதாஸ் குறிப்பை விரித்துக் காட்டினார். "'வலை கொடா ஊர்கள், மூன்று.' வலை கொடுக்கப்பிடாத ஊருண்ணு மேலிடத்து ஒப்போட இருக்கு. மத்த ஊருக்கெல்லாம் பிரிச்சுக் கொடுத்தாச்சு. ஆரல்வாய்மொழிக்கு மட்டும் பதினெட்டு."

"அங்க கடல் ஏதுவேய்?"

"காத்து உண்டுல்லா?"

கொம்பு தம் நெஞ்சிலேயே குத்தியது தாணுமாலயனுக்கு. அதிகாரியிடம் போய், "ஐயா, எழுத்துப்பிழை. எப்படித் திருத்தலாம்?" என்றார்.

"பிலையா? நான் ஒப்பமிடும்வரைதான் அது பிலை. இப்போது அது ஆவணம்."

இருந்தாலும் அதிகாரி நியாயவான். 'எழுத்துச் சீர்திருத்த ஆலோசனைக் கூட்டம்' கூட்டினார். மூன்று மணி நேரம் நடந்தது. உளுந்துவடை ஏகமனதாக நிறைவேறியது. வலை வேண்டும் ஊர்கள், பட்டியலில் இல்லாத இடத்துக்கு நகர்ந்துகொள்வதில் அரசுக்கு ஆட்சேபணை இல்லை என்றும் முடிவாயிற்று.

யாரைக் கேட்டாலும் கடலைவிட அதிகமாக வளைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தாணுமாலயன் பஸ் பிடித்து ஆரல்வாய்மொழிக்குப் போனார். அரசாங்க வலை ஒன்றில் ஆட்டுக்குட்டிகள் நின்றன. ஒன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தைத் தடுத்தது. மூன்றாவதில் நாராயணபெருமாள் என்ற சம்சாரி தம் வயல் வைக்கோலைக் கட்டி வைத்திருந்தார்.

"கொண்டு போவும்வேய்," என்றார் அவர், அவிழ்த்துக் கொடுத்து. "மீனு கெடக்கட்டும், இதுல காத்துகூட நிக்கமாட்டங்கு."

அந்த ஒற்றை வலையைத் தலையில் சுமந்து, இரண்டு பஸ் மாறி, மணலில் கால் புதையப் புதைய வந்து, வியாகுலத்தின் முன்னால் இறக்கினார். அவள் வலையை விரித்து, கண்ணிகளில் சிக்கியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காததால் தாணுமாலயன் எல்லாவற்றையும் சொன்னார்: ல, ள, கொம்பு, கால், வடை வரைக்கும்.

"தப்பு என்மேலதான் வியாகுலம். எப்பிடியாச்சும் திருத்திரணும். நீயாவது சொல்லு, எப்பிடி எழுதணும்?"

அந்த வளைகுடாவில் அவருக்கு வளையாத பதில் கிடைத்தது அப்போதுதான்.

"ஒண்ணும் திருத்தண்டாம்," என்றாள், வைக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல். "மகாராசா இருந்தப்பம் வந்து எழுதினாவ, வலை கொடுக்கல்ல. திருக்கொச்சி வந்துது, அவியளும் எழுதினாவ, கொடுக்கல்ல. இப்பம் நம்ம தமிழு வந்திருக்கு, அதும் கொடுக்கல்ல. இத்தன சர்க்காருல எங்க ஊரப் பிழையில்லாம எழுதின ஒத்த ஆளு நீருதான் சாரே."