நாற்பது மணி நேரப் பயிற்சியும் மில்ட்ரெட் டீச்சரும்

இணையவழிப் பயிற்சிச் சான்றிதழ் சேகரிப்பவர் என்று ஒரு வகை மனிதர் நம்மிடையே பெருகிவருகிறார். முன்பு தபால்தலை சேகரித்தார்கள். அதற்காவது ஒவ்வொரு தலையையும் ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது. இவருக்கு அந்தத் தொல்லையும் கிடையாது.

அடையாளம் சொல்கிறேன். பயிற்சிப் படம் ஒரு பக்கம் சத்தமில்லாமல் இரட்டை வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் வெங்காயம் வதக்கிக்கொண்டு, தம்பியின் மனைவியிடம் போனில் பேசிக்கொண்டு, நடுநடுவே ஈரக்கையின் சுண்டுவிரலால் 'நெக்ஸ்ட்' பொத்தானை அமுக்கிவிட்டு, சான்றிதழ் வந்த நிமிடமே 'எல்லா மகிமையும் இறைவனுக்கே' என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர் யாரோ, அவரே. இறைவன் பாவம், அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

புணே கண்டோன்மெண்ட் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடமாக எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் மில்ட்ரெட் டீச்சரிடம் இப்படி இருபத்து மூன்று சான்றிதழ்கள் இருந்தன. இருபத்து நான்காவதுதான் பெரியது: 'கற்பவரை மையமாகக் கொண்ட கற்பித்தலும் தொழில்நுட்பமும்', நாற்பது மணி நேரம். பள்ளியின் முப்பத்தெட்டு ஆசிரியர்களும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் முடித்தாக வேண்டும் என்பது பிரின்சிபால் லிமயே மேடத்தின் உத்தரவு. மில்ட்ரெட் டீச்சர் நாற்பது மணி நேரத்தை மூன்று சாயங்காலத்தில் முடித்தார். பாதி உழைப்பு கணவர் அலனுடையது.

"மில்லி, கேள்வி வந்திருக்கு. கற்பவர்னா யாருன்னு கேக்குது. நாலு பதில்ல ஸீ மட்டும் மூணு வரி."

"ஸீ போடுங்க."

"வாசிக்கவே இல்லையே!"

"நீளமான பதில்தாங்க எப்பவும் சரி. ரசம் பொங்குது, சீக்கிரம் போடுங்க."

சரியாகவே இருந்தது.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. மாணவர் ஒருவரிடம் 'உனக்கு எப்படிப் படித்தால் புரிகிறது?' என்று கேட்டு, மூன்று நிமிடம் பதிவு செய்து அனுப்ப வேண்டும். மாணவர் மனம்திறந்து பேச வேண்டுமாம். அதற்கென்ன? மனம்திறந்த பதிலை டீச்சரே ஒரு தாளில் எழுதினார். தமிழ் பேசுகிற பிள்ளை என்ற உரிமையில் தமிழரசியைச் சோதனைக்கூடத்துக்குக் கூப்பிட்டார். கட்கி ஆயுதத் தொழிற்சாலை ஊழியரின் மகள். பெயரில் இருக்கிற தமிழ் பேச்சில் அவ்வளவாக இல்லை. அவள் எழுத்தெழுத்தாக வாசித்து முடித்தபோது இரண்டு நிமிடம் பத்து நொடிதான் ஆகியிருந்தது.

"இன்னும் ஏதாச்சும் சொல்லு," என்றார் டீச்சர், நேரத்தை நிரப்புவதற்காக.

"நிஜமா சொல்லட்டா மிஸ்? கோபம் வராதுல்ல?"

"சொல்லும்மா."

"நீங்க போர்டுல வீடியோ போட்டுட்டு பின்னாடி பெஞ்ச்ல உக்காந்து போன்ல நெக்ஸ்ட், நெக்ஸ்ட் பண்றீங்க. நாங்களும் க்விஸ் அப்படித்தான் பண்றோம். படிக்கவே வேணாம் மிஸ். லம்பாவா, நீளமா இருக்கிற ஆன்ஸர்தான் கரெக்ட்."

கோபம் வந்தால் டீச்சருக்கு அப்பா வழித் திருநெல்வேலி வந்துவிடும். "ஏட்டி, நூத்துக்கு நூறு வாங்கியிருக்க! கான்கேவ் மிரர்ல உருவம் எப்படித் தெரியும், சொல்லு பாப்போம்."

"ஸீ, மிஸ்."

போனில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை, மணி மூன்றே கால். அவள் வகுப்பு அனிருத்தைக் கூப்பிட்டு அதே தாளைக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும். அவன் கமா, முற்றுப்புள்ளி கூட விடாமல் வாசிக்கிற பிள்ளை. அவனை அழைத்துவரத்தான் டீச்சர் மாடி ஏறினார். ஆனால் வகுப்பு வாசலில் நின்றதும் ஒரு சந்தேகம். அதே கேள்வியை எல்லாரிடமும் கேட்டார். "ஸீ!" என்று ஏழெட்டுக் குரல்கள் உற்சாகமாக எழுந்தன. பிள்ளைகளின் க்விஸ் செயலியில் இந்தப் பாடத்துக்கு நேராக நாற்பத்திரண்டு பேருக்கும் பச்சை டிக். டீச்சருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அலனின் முகம் நினைவுக்கு வர, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"டிபன் டப்பாவில ஸ்பூன் இருக்கிறவங்க எல்லாம் வெளியே எடுங்க," என்றார்.

அவல் போஹா ஒட்டிய ஸ்பூன்கள் வந்தன. கான்கேவ் மிரர் போலக் குழிவான பக்கத்தில் முகம் தலைகீழாக, முதுகுப் பக்கத்தில் நேராக. "மிஸ், நான் உல்டா!" என்று தமிழரசி கத்தினாள். கத்தட்டும் என்று டீச்சர் விட்டுவிட்டார். ஏன் இப்படி என்று பிள்ளைகள் ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்றார்கள். "கண்ணுக்கு ரொம்பக் கிட்டக் கொண்டுபோனா மட்டும் ஏன் கலங்குது?" என்று அனிருத் கேட்டான். அது டீச்சருக்கே பாதிதான் தெரியும். "நாளைக்குப் படிச்சிட்டு வந்து சொல்றேன்," என்றார். பத்தொன்பது வருடத்தில் அந்த வாக்கியத்தை முதல்முறையாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மணியடித்த பிறகும் நால்வர் போகவில்லை. அவர் போனைப் பார்த்தபோது ஐந்தேகால்.

"அரே மில்ட்ரெட், முப்பத்தேழு வந்துவிட்டது, உங்களுடையது மட்டும்தான் இல்லை!" என்றார் லிமயே மேடம் மறுநாள். மில்ட்ரெட் டீச்சர் ஸீயையும் ஸ்பூனையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மேடம் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, "என்னுடையதை என் பையன்தான் முடித்தான்," என்றார் மெதுவாக. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "அடுத்த பேட்ச் திங்கட்கிழமை தொடங்குகிறது, சேர்ந்துவிடுங்கள்."

சேர்ந்தார். இந்த முறை இயல்பான வேகம், சத்தம் உண்டு, கையில் நோட்டுப் புத்தகம். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? பதினோராவது நிமிடம் குறட்டை கேட்டது.

"மில்லி, முடிஞ்சிருச்சு. நெக்ஸ்ட் அமுக்கட்டுமா?"

"வேண்டாங்க. முதல்லருந்து போடுங்க," என்றார் கண்ணைத் திறக்காமலே.

அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம், சரி. இந்தக் கடைசிப் பத்தி வரைக்கும் வந்துவிட்ட உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஸ்பூனின் முதுகில் முகம் எப்படித் தெரிந்தது?

பதிலைத் தேடி உங்கள் கட்டைவிரல் மேல்பத்திக்குத் தள்ளிக்கொண்டு போகிறது, பார்த்தேன். வெட்கப்படாதீர்கள். மில்ட்ரெட் டீச்சருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.