மீன் காதிலிருந்து பாகப்பிரிவினை வரை

எங்கள் குத்தாலம் பக்கத்தில் ஒரு ஆளுக்குப் பெயர் ஒன்றுதான். இனிஷியல்தான் அவரவர் வசதிக்கு நீளும். என் தாய்மாமா ஒரு கையெழுத்தில் ஊர், தாத்தா, அப்பா என்று மூன்று எழுத்தையும் போடுவார். அவசரமென்றால் எது கைக்கு வருகிறதோ அதை மட்டும் போடுவார். ஆக, இனிஷியல் மாறினாலும் ஆள் மாறமாட்டான் என்பது எனக்குத் தாய்ப்பாலோடு வந்த ஞானம். அந்த ஞானத்தை வைத்துக்கொண்டு காரைக்காலில் நான் அடித்த கூத்தை என் வீட்டில் ஆளாளுக்கு இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி கயிறு திரிப்பு. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. நூலகப் படிப்பு முடித்த கையோடு காரைக்காலில் ஒரு வாசகசாலையில் எனக்குத் தற்காலிக வேலை. வாசகசாலைத் தலைவர் ஒரு ரைஸ்மில் முதலாளி. நல்ல மனிதர், புத்தகத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஆர்வம் உள்ளவர். ஒருநாள் கூப்பிட்டார்.

"ஏம்மா வசந்தா, மாங்கனித் திருவிழாவை ஒட்டி நம்ம ஆண்டு விழாவை வச்சுக்கலாம்னு இருக்கேன். நம்ம ஊர்ல பொறந்து வெளிநாட்ல கொடிகட்டிப் பறக்குற ஆளாப் பாத்து ஒருத்தரைப் புடி. மந்திரியெல்லாம் வேணாம், கூட வர்றவனுக்குச் சோறு போட்டு மாளாது. விழா மட்டும் ஜோரா நடந்துச்சுன்னு வையி, உன் வேலையப் பர்மனென்ட் பண்ணிடுறேன்."

எனக்கு அது வெறும் வேலை விஷயம் இல்லை. அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: "ஆடிக்குள்ள வேலை நிரந்தரமாவலேன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துடு. உன் அத்தை மவன் காத்துக்கிட்டு இருக்கான்." (அத்தை மகனைப் பற்றி ஒரே வரியில்: சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டு, யாராவது பாராட்டுகிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பவன்.)

நான் வேண்டாத தெய்வம் இல்லை. அந்த வாரமே ஐஸ் கம்பெனி தியாகராஜன் சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். மீன் லாரிகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிறவர். ஊரில் 'மிராபெல் வீடு' என்று ஒரு பெரிய வீடு உண்டு. பிரெஞ்சு குடியுரிமைக்காரர்களின் வீடு. இவர் அந்த வீட்டுப் பிள்ளை.

"கரையான் அரிக்குதுங்க. எல்லாம் பிரான்ஸ்லேருந்து வந்தது. யாராச்சும் படிக்கிறவங்க இருந்தா படிக்கட்டும்."

யார் எழுதியது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படித்தவளாயிற்றே, கேட்பேனா?

மூட்டையை அவிழ்த்தால், ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மெல்லிசாய்த் தைத்தது. அத்தனையும் பிரெஞ்சு. அகராதியை வைத்துக்கொண்டு தலைப்புகளோடு மல்லுக்கட்டினேன். மீனின் காது எலும்பைப் பார்த்து வயசு கண்டுபிடிப்பது எப்படி: எழுதியவர் ஜே. மிராபெல். (மீனுக்குக் காது உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.) சிறுநீரகக் கல்: பி. மிராபெல். கடலோரச் செங்கல் சுவரில் உப்புப் பூப்பது: எஸ். மிராபெல். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பாகப்பிரிவினை வழக்குகள்: டி. மிராபெல்.

அடியாத்தி! ஒரே மனுஷனா இத்தனையும்?

இனிஷியல் நாலும் நாலு விதமாக இருந்ததே என்பீர்கள். அதற்குத்தான் மாமா ஞானம் கைகொடுத்தது. ஜே என்றால் தகப்பனார், ஜெகந்நாதனாக இருக்கும். பி என்றால் படித்த ஊர், பாண்டிச்சேரி. எஸ் என்றால் பூர்வீகம், சுரக்குடி. டி? அதற்குக் கொஞ்சநேரம் யோசிக்க வேண்டியிருந்தது. அப்புறம் பளிச்சென்று புரிந்தது. டாக்டர்!

உண்மையை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு மேடையில்தான் தெரிந்தது. நீங்களாவது முன்கூட்டியே தெரிந்துகொண்டு நிம்மதியாகச் சிரியுங்கள். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் குடிமகனாகப் பதிந்துகொண்டவர்கள் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். தியாகராஜனின் முப்பாட்டன் போய் நின்றபோது, எழுதுகிற துரை ரொட்டியில் ஏதோ பழ ஜாம் தடவித் தின்றுகொண்டிருந்தாராம். அந்தப் பழத்தின் பெயரையே எழுதிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பிறந்த அத்தனை பேரும் மிராபெல். ஜெயராமன் மிராபெல், பார்வதி மிராபெல், சுந்தரம் மிராபெல், தட்சிணாமூர்த்தி மிராபெல். மூன்று அண்ணன் தம்பி, ஒரு அக்கா. கல்யாணப் பத்திரிகை அனுப்புகிற மாதிரி, கட்டுரை அச்சாக அச்சாக ஊர் வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

தலைவரிடம் ஓடினேன். அவருக்கும் சந்தேகம் வந்தது. (ரைஸ்மில் முதலாளிக்கு வந்த சந்தேகம் நூலகப் படிப்புக்காரிக்கு வரவில்லை.)

"மீனு, கிட்னி, செங்கல்லு, பாகப்பிரிவினை... ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லியேம்மா?"

"உப்புதாங்க சம்பந்தம்" என்றேன். அந்த வாக்கு எங்கிருந்து வந்ததோ! "மீனு உப்புத் தண்ணில இருக்கு. கிட்னில கல்லு உப்பாலதான் வருது. செவுத்துல உப்புப் பூக்குது."

"பாகப்பிரிவினை?"

"ஒரே உப்பைத் தின்ன அண்ணந்தம்பிங்க அடிச்சிக்கிறதுதானேங்க அது?"

தலைவர் எழுந்து நின்றுவிட்டார். "வாழ்நாள் பூரா உப்பு ஒண்ணையே புடிச்சிக்கிட்டு நின்னுருக்காரேம்மா மனுஷன்!"

அப்புறம் நடந்ததெல்லாம் தடபுடல். கல்யாண மண்டபத்திலிருந்து சிவப்பு வெல்வெட் வைத்த மாப்பிள்ளை நாற்காலி ஒன்று வந்தது. ஒரு சந்தன மாலை, ஒரு ஜரிகைச் சால்வை. தமிழாசிரியர் ஒருவர் வாழ்த்துமடல் எழுதித் தந்தார். 'முனைவர் மிராபெல் அவர்கள், மிராபெல் வீடு' என்று எழுதி அழைப்பைத் தியாகராஜன் கையில் கொடுத்தேன். திருவிழாவுக்கு அவர்கள் ஊருக்கு வந்திருந்த நேரம். மறுநாள் அவர் வந்து, "எல்லாரும் வர்றாங்களாம்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம். குடும்பத்தோட வரட்டும்" என்றேன். விதி சிரித்தது எனக்குக் கேட்கவில்லை.

விழா மாலை. பந்தல் கொள்ளாத கூட்டம். தலைவர் மைக்கைப் பிடித்து, "உப்புக் கண்ட உத்தமர் மிராபெல் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார்.

முன்வரிசையில் நாலு பேர் எழுந்தார்கள். ஒவ்வொருவரும், மற்ற மூவரும் தனக்கு மரியாதை கொடுக்கத்தான் எழுந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு மேடையேறினார்கள். இருப்பது ஒரு நாற்காலி. அதைச் சுற்றி நாலு பேரும் நின்று ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் ஐந்தாவதாக ஒரு பெரியவர், கோட்டில் பதக்கம் மினுங்க, கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிதானமாக ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தியாகராஜனின் அப்பா. இவர்கள் நாலு பேருக்கும் மூத்த அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்து பென்ஷன் வாங்குகிற சிப்பாய்; எங்கள் பக்கம் 'சொல்தா' என்பார்கள். மளிகைச் சீட்டைத் தவிர வாழ்க்கையில் எதுவும் எழுதாதவர்.

"மிராபெல்ல மூத்தவன் நான்தானே" என்றார்.

நாற்காலியில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு மாலை போட்டே பழகியவர் எங்கள் தலைவர். மாலையைப் போட்டார், சால்வையைப் போர்த்தினார். தமிழாசிரியர் வாழ்த்துமடலைக் கணீரென்று தொடங்கினார்.

"மீன்செவிக்குள் நுழைந்துவந்த மேதை வாழ்க!"

"அது நான்" என்று ஜெயராமன் கும்பிட்டார்.

"சிறுநீரகக் கல்லுடைத்த சிங்கம் வாழ்க!"

"சிங்கமா? நான் பொம்பளைங்க" என்றார் டாக்டர் பார்வதி.

"செங்கல்லின் உப்பறிந்த செம்மல் வாழ்க!"

"செம்மல் இங்க நிக்கிறேன். சால்வை அங்க இருக்கு" என்றார் சுந்தரம்.

ஜனங்கள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்ற தியாகராஜனிடம், "யாருங்க இதுல மிராபெல்?" என்று கேட்டேன்.

"எல்லாருந்தாங்க. ஏன், நானும்தான்" என்றார் சாதாரணமாக.

அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்பேன். நேரம் சரியில்லாதவன் ஒட்டகத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாலும் நாய் கடிக்கும் என்பார்கள். திருவிழாக் காலமாயிற்றே, ஒரு தாம்பாளம் மாம்பழம் கொடுத்தால் பொருத்தமாக இருக்கும் என்று நான்தான் யோசனை சொல்லியிருந்தேன். பழம் கொண்டுவந்து கொடுத்தவர் தியாகராஜன். தலைவர் தாம்பாளத்தைப் பெரியவர் மடியில் வைத்ததும், பாகப்பிரிவினை தட்சிணாமூர்த்தி ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது நம்ம கொல்லை ருமானியால்ல? அந்த மரம் என் பாகம். யாரைக் கேட்டுப் பறிச்சீங்க?"

"என் அப்பன் வச்ச மரம்டா. எவனைக் கேக்கணும்?" என்றார் பெரியவர், சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு.

"என் கட்டுரைலயே இருக்கு. அண்ணன் படிச்சாத்தானே!"

"சைகோன்ல குண்டுக்கு நடுவுல நின்னவன் நான். உன் கட்டுரைக்குப் பயப்படுவேனா?"

மைக் தம்பி கையில், நாற்காலி அண்ணன் கையில். கொல்லை எல்லை, வேலி, கிணற்றுத் தண்ணீர் என்று மிராபெல் வீட்டு வண்டவாளம் முழுக்க ஒலிபெருக்கியில் தண்டவாளம் ஏறியது. டாக்டரம்மா விலக்கிவிடப் போய், "அக்கா, நீ சும்மா இரு, உன் பாகத்தைத்தான் வித்துட்டியே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். காரைக்கால் ஜனங்கள் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. சோடாக்காரருக்கு அன்றைக்குத் தீபாவளி.

தலைவர் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தார். "ஏம்மா வசந்தா, இதுல நம்ம ஆளு எது?"

"எல்லாமேதாங்க."

அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. ஏமாந்துபோன குழந்தை மாதிரி, "உப்புன்னியேம்மா..." என்றார். அப்புறம், "நாளையிலேருந்து வராதம்மா" என்றார்.

பந்தலுக்குப் பின்னால் போய் அழுதேன். சும்மா விசும்பல் இல்லை, ஒப்பாரி. வேலை போச்சு, மானம் போச்சு, இனி ஆயுசுக்கும் அந்த ஏப்பத்துக்குக் கைதட்ட வேண்டியதுதான். தியாகராஜன் ஒரு கோலி சோடாவை உடைத்து நீட்டினார்.

"அழாதீங்க. எங்க வீட்ல வருஷக்கணக்காப் பேசிக்காதவங்க இன்னைக்குத்தான் பேசிக்கிறாங்க."

"அதுக்குப் பேரு பேச்சா?"

"எங்க வீட்ல அதாங்க பேச்சு."

அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்து, சோடா மூக்கில் ஏறி, தியாகராஜன் சட்டையில் விழுந்தது. எங்கள் காதல் கதை இவ்வளவுதான்.

ஆனி முடிவதற்குள் ஒருநாள் மத்தியானம் குத்தாலத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கொளுத்துகிற வெயிலில் அந்த ஜரிகைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெரியவர் இறங்கினார். "பட்டாளத்துல கால் தேய ஓடியிருக்கேன். ஒரு பய எனக்கு மாலை போட்டதில்ல. உங்க பொண்ணாலதான் போட்டாங்க. அதை என் வீட்டுக்கு மருமவளாக் குடுங்க" என்றார்.

அப்பா யோசித்தார். காரைக்கால் சங்கதி அதற்குள் மாயவரம் தாண்டி வந்திருந்தது. "உங்க பையன் என்ன பண்றாருங்க?"

"ஐஸ் கம்பெனி வச்சிருக்கான். இதுவரைக்கும் ஒண்ணும் எழுதல."

"அப்ப சரிங்க" என்றார் அப்பா.

அத்தை மகன் கல்யாணத்துக்கு வந்து, சாப்பிட்டு, ஏப்பம் விட்டான். மணக்கோலத்திலேயே நான் கைதட்டினேன்; அவனுக்கு மகா சந்தோஷம்.

வசந்தா மிராபெல் ஆகிவிட்டேன். இப்போதும் குழம்பில் ஒரு கல் கூடிவிட்டால், "அம்மாவோட உப்பு ஆராய்ச்சி இன்னிக்குக் கொஞ்சம் ஆழம்" என்கிறார்கள் பிள்ளைகள். பிற்பாடு வேறொரு நூலகத்தில் வேலை கிடைத்து, ஒரே பெயருள்ள ஆசிரியர்களைப் பிரித்து அடுக்குவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினேன். வாழ்க்கையில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். 'வி. மிராபெல்' என்று அச்சாகி வந்தது. தியாகராஜன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வின்னா என்ன, வரிச்சிக்குடியா?"

சமீபத்தில் ஏதோ ஒரு வெளியூர்க் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "மேடம், பட்டியல் போடறப்ப பாத்து அசந்துட்டேன். மீன், கிட்னி, செங்கல், சட்டம், இப்ப நூலகம். எப்படி மேடம் ஒருத்தரால முடிஞ்சுது? எங்க விழாவுக்கு நீங்கதான் வரணும். நான் டெம்ப்ரரிதான் மேடம், நீங்க வந்தா எனக்கு ரொம்ப உதவியா இருக்கும்."

என் கணவர் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். "போ, போ. போனதும் எங்கப்பா மாதிரி முதல்ல நாற்காலியில உக்காந்துடு" என்று கிசுகிசுத்தார்.

அந்தக் குரலின் நடுக்கம் எனக்குத் தெரியாததா? உண்மையைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"பயப்படாத கண்ணு, வர்றோம்" என்றேன். "நாற்காலி மட்டும் நிறையப் போட்டு வை."