நாற்பதாவது குழி

மனிதர்களில் நடுபவர் என்றொரு வகையினர் உண்டு. உழவரையோ தோட்டக்காரரையோ நான் குறிப்பிடவில்லை. அவர்கள் நட்ட இடத்துக்கு மறுநாளும் வருவார்கள். நான் சொல்லும் வகையினர் அடுத்த ஆண்டுதான் வருவார்கள்.

இவரை அடையாளம் காண்பது எளிது. முதல் மழை விழுந்ததும் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுவார். மண்வெட்டியின் பிடியை இரண்டு விரல்களால் தொடுவார். கன்றைப் பாராமல் கேமராவைப் பார்ப்பார். கன்றுக்கும் தம் காலணிக்கும் நடுவே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுவார். வருங்காலத் தலைமுறையைப் பற்றித் தொடங்கி, கை கழுவ எங்கே போகவேண்டும் என்று முடிப்பார். அரசும் இவருக்கு எந்தக் குறையும் வைப்பதில்லை. கன்று, லாரி, குழி வெட்டும் கூலி, இரும்புக் கூண்டு, பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் நிதி உண்டு. மூன்றாண்டுத் தண்ணீருக்குக்கூட நிதி உண்டு. தண்ணீர்தான் இல்லை.

சான்றாக, தெலுங்கும் உருதும் தமிழில் கலந்து புழங்கும் மௌலா அலியில் எங்கள் காலனிச் சங்கத்தின் செயலாளர் ஜெகதீஸ்வரனை எடுத்துக்கொள்வோம். காலனிப் பூங்காவில் நாற்பது குழிகள். ஆண்டுதோறும் நாற்பது கன்றுகள் லாரியில் வரும், நடப்படும், படம் பிடிக்கப்படும், கோடைக்குள் காயும். மறு ஆண்டு அதே நாற்பது குழிகள். புதுக்குழி வெட்டும் வேலை மிச்சமாவதை அவர் நிர்வாகத் திறமை என்று கருதினார். நாங்களும் கருதினோம். அறிக்கைகளின்படி, ஐந்தாண்டுகளில் எங்கள் பூங்காவில் இருநூறு மரங்கள் எழும்பியுள்ளன. நிழலுக்கு நாங்கள் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் ஒதுங்குகிறோம்.

சென்ற ஆண்டு இந்த ஒழுங்கு குலைந்தது. வாயிலருகே நாற்பதாவது குழியில் நின்ற புங்கங்கன்று காயவில்லை. பூங்காவைப் பெருக்கும் அன்னம்மாள் அதற்குத் தினமும் ஒரு வாளித் தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறார். அது அவர் தோளுயரம் வளர்ந்துவிட்டது.

மரம் நடும் விழாவுக்கு முதல்நாள் ஜெகதீஸ்வரன் அரசுப் படிவத்துடன் வந்து நின்றார்.

“அன்னம்மா, இதைப் பிடுங்கிடு.”

“கைக்கு சார்? ஏன் பிடுங்கணும்? நல்லாத்தானே நிக்குது?”

“நிக்குது, அதான் தொல்லை. நாளைக்குச் சீஃப் கெஸ்ட் இந்தக் குழியிலதான் நடணும். பேனர் இங்கதான் கட்டறோம்.”

“பக்கத்துல ஒரு குழி வெட்டிக்கோங்க.”

“நக்கோ, நக்கோ, வேணாம். நாப்பது குழிக்குத்தான் சாங்ஷன். கன்னும் நாப்பது வந்திருக்கு. முப்பத்தொம்பது நட்டா, ஒண்ணு எங்கேன்னு கேப்பாங்க.”

“போன வருசத்துது வளந்து நிக்குதுன்னு எழுதுங்க சார்.”

ஜெகதீஸ்வரன் படிவத்தை மேலிருந்து கீழாக ஒருமுறையும், கீழிருந்து மேலாக ஒருமுறையும் பார்த்தார். “அதுக்குக் கட்டம் இல்லையே” என்றார்.

அவரைக் குறைகூற இடமில்லை. படிவத்தில் ‘நடப்பட்டவை’ உண்டு. ‘நடப்பட வேண்டியவை’ உண்டு. நட்டது வளர்ந்துவிடும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

அன்னம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “ஒரு வருசம் தூக்கித் தூக்கி ஊத்தி என் முட்டி போச்சு சார். பிடுங்கணும்னா நீங்களே பிடுங்குங்க. நான் மாட்டேன்.”

செயலாளர் குனிந்து, தண்டைப் பற்றி இழுத்தார். வேர் என்று ஒன்று இருப்பது நடுபவர்களுக்குப் பழக்கமில்லாத செய்தி. கன்று அசையவில்லை. அவர் இடுப்பு அசைந்தது.

“ஹவ், ஆமா சார், நல்லாப் பிடிச்சுக்கிச்சு” என்றார் அன்னம்மாள். “விடுங்க சார். அடி மண்ணைக் கொத்திவிட்டு, இப்ப நட்ட மாதிரி பண்ணிடறேன். பெரியவரு வந்து தண்ணி ஊத்தட்டும். நீங்க நாப்பதுன்னே எழுதிக்கோங்க.”

“என்னைப் பொய் எழுதச் சொல்றியா?” ஜெகதீஸ்வரன் திடுக்கிட்டுப்போனார். அவர் கையிலிருந்த படிவத்தில், மறுநாள் நடப்போகும் நாற்பது கன்றுகளுக்கும் ஆறு மாதம் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று அன்றே கையெழுத்தாகியிருந்தது.

ஆனால் இடுப்பு வலித்தது. சம்மதித்தார்.

மறுநாள் வந்த விருந்தினர் புங்கைக்கும் தம் காலணிக்கும் நடுவே ஒரு சொம்பு ஊற்றிவிட்டு, தாம் இதுவரை நட்டவற்றில் இதுவே உயரமானது என்று தெலுங்கில் மகிழ்ந்தார். நாங்கள் கைதட்டினோம். நாற்பது என்று பதிவாயிற்று. லாரியில் வந்த நாற்பதாவது கன்றை, கூட்டம் கலைந்தபின், அன்னம்மாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எந்தப் பதிவிலும் இல்லாத ஓர் இடத்தில் ஊன்றினார். அதுவும் பிழைத்துக்கொண்டது.

இந்த ஆண்டும் அந்தப் புங்கைதான் நடப்படவிருக்கிறது. இப்போது அது பேனரை மறைக்கிறது. பேனரை உயர்த்திக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் தெருவில் நடுபவர் யார் என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. அவ்வளவு தூரம் போகவேண்டாம். கைப்பேசியை எடுங்கள். ஏதோ ஒரு ஜூலை மாதப் படத்தில், கையில் கன்றும் முகத்தில் புன்னகையுமாக நீங்கள் நிற்கிறீர்கள் அல்லவா? அது இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். அது என்ன கன்று என்று மட்டும் சொல்லுங்கள்.