இரண்டு பேருக்கு ஒரு மேசை

இந்த வருஷம் என் பேர்நாள் சாப்பாட்டை நானே சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். சோஃபியா நகரத்தில் திரிஃபோன் என்று பெயர் வைத்துக்கொண்டு பிழைத்துப் பார்த்தால் தெரியும்.

பேர்நாளுக்கு, அதாவது நம் பேருள்ள புனிதரின் திருநாளுக்கு, இங்கே யாரையும் அழைக்க வேண்டியதில்லை. அதுதான் வம்பு. அழைக்காத அத்தனை பேரும் வருவார்கள், வந்தவர்களுக்கெல்லாம் போட வேண்டும். அதிலும் எனக்கு இரண்டு நாள்: தேவாலயக் கணக்குப்படி பிப்ரவரி ஒன்று, திராட்சைத் தோட்டக்காரர்கள் கணக்குப்படி பதினான்கு. அந்தப் புனிதர் திரிஃபோன் கொடி வெட்டும் கத்தியால் தன் மூக்கைத் தானே அறுத்துக்கொண்டவர் என்பார்கள். அவருக்கு ஒரு தடவைதான் மூக்கறுபட்டது. எனக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை.

போன வருஷம் என் மனைவி யோர்தாங்கா கவார்மா செய்திருந்தாள். பன்றிக்கறியும் வெங்காயமும் மண்சட்டியில் மணிக்கணக்காக வேகும் அமுதம். வாழ்த்தெல்லாம் எனக்கு வந்தது, வறுவலெல்லாம் மச்சினனுக்குப் போனது. சட்டி என்னிடம் வந்தபோது சட்டி மட்டும்தான் வந்தது. எனக்கு மிஞ்சியது முட்டைக்கோஸ் ஊறுகாய்த் தண்ணீர் ஒரு கோப்பை.

ஆகவே திட்டம் போட்டேன். ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வீட்டைப் பூட்டிவிட்டு, நகரத்தின் மறுகோடியில் ஒரு மெஹானாவில், அதாவது ராக்கியாச் சாராயமும் எங்கள் ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும் விடுதியில், மதியம் நானும் அவளும் மட்டும். மேசைக்குச் சொல்லி வைத்தேன். ஃபோன் எண் கேட்டார்கள். பழக்க தோஷம், வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் யோர்தாங்கா பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நாளைக்கு எத்தனை கிலோ கறி வாங்கட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"வர்றவங்களுக்கு?"

"யாரும் வரமாட்டாங்க."

"ஏன், நீ செத்துட்டேன்னு சொல்லிட்டியா?"

"காலார நடந்துட்டு வரலாம்னு இருக்கேன். நீயும் வா. அந்தப் பச்சை கவுனைப் போட்டுக்கோ."

"நடக்கறதுக்கு எதுக்குப் பச்சை கவுன்?"

"காத்தோட்டமா இருக்கும்."

வெளியே கணுக்கால் வரை பனி கிடந்தது. அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் யாரும் பின்தொடரக் கூடாது என்று இரண்டு டிராம் மாறினேன். பச்சை கவுனும் கம்பளிக் கோட்டுமாக அவளும் கூடவே வந்தாள். விடுதியில் பரிசாரகன் எங்களைக் கூடத்தின் நடுவே அழைத்துப் போய் ஒரு மேசையைக் காட்டினான். அந்த மேசையில் ரயிலே ஓட்டலாம்.

"தம்பி, நான் சொன்னது ரெண்டு பேருக்கு."

"நேத்துக் காலைல உங்க வீட்டுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டோமே ஐயா. அம்மாதான் ரெண்டு இல்ல, இருபதுன்னு திருத்தினாங்க."

அம்மா நடு நாற்காலியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அதற்குள் கதவு திறந்தது. மச்சினன் பிளகோய் பூங்கொத்தோடு வந்தான். பின்னாலேயே எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி, நான்காம் மாடி, ஐந்தாம் மாடி. இரண்டு டிராம் மாறாமல் எல்லோரும் நேராக வந்திருந்தார்கள்.

"நேத்தே தெரியுமா உனக்கு?" என்று அவள் காதில் கேட்டேன்.

"தெரிஞ்சுதான் கறி வாங்கட்டுமான்னு கேட்டேன். அப்பவாவது நீ சொல்லுவியான்னு பார்த்தேன். இருபத்தாறு வருஷமா பேரு உன்னுது, ஒடியற முதுகு என்னுது. ஒளிஞ்சுக்க உனக்கு ஒரு இடம் வேணும்னா, உக்கார எனக்கு ஒரு இடம் வேண்டாமா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபத்தாறு வருஷமும் என் தட்டைத்தான் பார்த்திருக்கிறேன். அவள் தட்டு எங்கே இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை.

ஆனாலும் எடுத்த முடிவு முடிவுதான். கவார்மா வந்ததும் முதல் சட்டியை அணைத்தாற்போல் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். யோர்தாங்கா தடுக்கவில்லை.

"சூடா இருக்கறப்பவே சாப்பிடு," என்று கரண்டி நிறைய அள்ளி அவளே என் வாயில் வைத்தாள். கல்யாணமான புதிதில்கூட ஊட்டியதில்லை. நெகிழ்ந்துபோய் வாயை மூடினேன். உள்ளே கொதிக்கும் கொழுப்பு, நடுவில் ஒரு முழு மிளகாய்.

அந்தக் கணத்தில் அவள் கோப்பையோடு எழுந்தாள்.

"பதினாலாம் தேதி எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க. அன்னிக்குச் சமையல் திரிஃபோன். என்ன திரிஃபோனே, செய்வேல்ல?"

இருபது பேர் பார்க்கத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எரிச்சலில் தலை தானாக இடமும் வலமும் ஆடியது. எங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் "ஆமாம்" என்று அர்த்தம். மேலே தூக்கி இறக்கினால்தான் "மாட்டேன்".

கூடமே கைதட்டியது. பிளகோய் ஓடி வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான்.

"மச்சான், கண்ணுல தண்ணி வர ஒத்துக்கிட்டே பாரு, அந்த மனசு யாருக்கும் வராது."

ஒரு வழியாக விழுங்கி, ஒரு குவளைத் தண்ணீரும் குடித்து, எழுந்து நின்றேன். வெங்காயம் உரிக்கவும் சட்டி தேய்க்கவும் அன்றைக்கு யாராவது கொஞ்சம் முன்னாடியே வருவீர்களா என்று கெஞ்சிக் கேட்டேன்.

யோர்தாங்காவின் தலையையும் சேர்த்து, மேசையிலிருந்த எல்லாத் தலைகளும் ஒன்றாக மேலே எழும்பி இறங்கின.