சத்தியவீரனுக்கு ஒரு உபதொழில்

"நான் சத்தியவீரன்தான், மாப்பிள்ளை. கூடவே கொஞ்சம் திருடனாவும் இருந்துக்கறேனே" என்றார் மாமனார்.

கண்ணாடிக்கடைக்காரர் கையிலிருந்த பகடை நழுவி மேஜைக்கு அடியில் ஓடியது.

ஞாயிறு மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடக்கும் விளையாட்டு இது. ஆளுக்கு ஒரு கற்பனைப் பாத்திரம், பாத்திரத்துக்கு ஒரு தொழில். கதையை நடத்துவது கண்ணாடிக்கடைக்காரர். நினைத்தது பலித்ததா என்று தீர்ப்பு சொல்வது பகடை. வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் "இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா" என்று கெஞ்சிக்கொண்டிருக்கும் மனிதருக்கு, தான் சொன்னது அப்படியே நடக்கிற ஒரே இடம் இந்த மேஜைதான். அதாவது, மாமனார் வந்து உட்காரும்வரை.

மாமனார் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு வந்த புதிதில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மேஜைக்கு வந்த பிறகுதான் முகத்தில் சிரிப்பு வந்தது. கூடவே வாரத்துக்கு ஒரு சட்டப் பிரச்சினையும் வந்தது. போன வாரம், குதிரை சாட்சி சொன்னால் செல்லுமா என்பது.

"அப்பாவை மட்டும் இந்த மேஜையிலேருந்து எழுப்பிடாதீங்க" என்று மனைவி சொல்லியிருந்தாள். வேண்டுகோள் மாதிரிதான் சொன்னாள். மாதிரிதான்.

"மாமா, சத்தியவீரன் பொய்யே சொல்லக் கூடாதே. அவன் எப்படித் திருடறது?"

"திருடறதுக்கும் பொய்க்கும் என்ன சம்பந்தம்? எடுப்பேன். நான்தான் எடுத்தேன்னு சொல்லிடுவேன். கூடாதுன்னு எங்க போட்டிருக்கு? புத்தகத்தைப் பாருங்க."

பார்த்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர், பக்கத்து வீட்டு நர்ஸ், மாடி வீட்டு பஸ் டிரைவர், மூன்று தலையும் ஒரே விதிப்புத்தகத்துக்குள் போயின. கூடும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை.

"சரி, நம்ம வீட்டு விதியா வச்சுக்கலாம். ஆனா சத்தியம் தவறக் கூடாது."

தவறவில்லை. மாமனார் அரண்மனைக்குள் புகுந்து கிரீடத்தை எடுத்தார். எடுத்த கையோடு காவலனிடம் போனார்.

"காவலரே, எடுத்தது நான்தான். விலாசம், சத்திரத்து மாடி, பின்னறை. என்கூட இன்னும் ரெண்டு பேர் தங்கியிருக்காங்க."

அடுத்த காட்சியில் மூவரும் சிறையில் இருந்தார்கள்.

"எங்களை எதுக்கு சார் கோத்துவிட்டீங்க?" டிரைவர் அழாத குறை.

"அப்ப என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

டிரைவர் ஆறுதலுக்கு கேக் ஒரு துண்டு எடுத்தார். ஞாயிறு தோறும் மனைவி செய்து வைக்கும் கேக். மாமனாருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அவர் முன்னால் மட்டும் உப்பு பிஸ்கட்.

"அக்கா கேக் முன்ன மாதிரி இல்ல. என்னமோ குறையுது" என்று டிரைவர் கிசுகிசுத்தார்.

"பேச்சுதான் அப்படி. தட்டு என்னவோ வேகமாத்தான் காலியாகுது" என்றாள் நர்ஸ்.

கண்ணாடிக்கடைக்காரர் விதியை இறுக்கினார். "ரெண்டாவது தொழில் வேணும்னா சொல்லிக்கொடுக்க ஒரு குரு கிடைக்கணும்."

சிறைக்குள் குருவுக்கு எங்கே போவார் என்று நினைத்தார். திருட்டுக்கு குரு சிறையில் கிடைக்காமல் வேறெங்கே கிடைப்பார் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. மாமனார் பட்டமேற்படிப்பு முடித்துதான் வெளியே வந்தார்.

"அப்ப எனக்கும்!" என்றாள் நர்ஸ். "என் வைத்தியச்சி இனிமே விஷமும் வைப்பா."

"எதுக்கும்மா?"

"நானே கொடுத்து நானே குணமாக்கிடுவேன். நோயாளியைத் தேடி அலைய வேண்டாம் பாருங்க."

"என் மந்திரவாதி, பாதி நேரம் கரடி" என்றார் டிரைவர்.

"கரடி எப்படிங்க மந்திரம் சொல்லும்?"

"சொல்லக் கூடாதுன்னு இருக்கா?" என்று மாமனார் எடுத்துக் கொடுத்தார். "புத்தகத்தைப் பாருங்க."

தலைகள் மறுபடி உள்ளே போயின. வெளியே வந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் சரணடைந்திருந்தார். "எல்லாருக்கும் எல்லாத் தொழிலும். எப்படியோ போங்க!"

போனார்கள். ஆளுக்கு ஒரு திசையில். எல்லாம் தெரிந்தவர்களுக்கு யார் துணை எதற்கு? கடைசிச் சண்டைக்கென்று கண்ணாடிக்கடைக்காரர் மாதக்கணக்கில் கட்டிக் காத்து வைத்திருந்த டிராகனைக் கரடி ஒரே அறையில் சாய்த்தது. அடிபட்டவர்கள் தங்களுக்குத் தாங்களே மருந்து போட்டுக்கொண்டார்கள். "என்னைக் காப்பாத்து" என்று கத்த ஆளே இல்லை.

நர்ஸ் கைப்பையை எடுத்தாள்.

"அவ்வளவுதானா அண்ணா? கதை முடிஞ்சுதுன்னா அடுத்த ஞாயிறு நான் டியூட்டி போட்டுக்கறேன்."

கண்ணாடிக்கடைக்காரர் கணக்குப் போட்டார். விதியை மாற்றாவிட்டால் மேஜை போய்விடும். மாற்றினால் மாமனார் போய்விடுவார். மாமனார் போனால் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் போவார்கள் என்பதை அவர் யோசிக்க விரும்பவில்லை.

எழுந்து நின்றார்.

"டிராகன் சாகலை. மயக்கம்தான். ஆளுக்கு ஒரு தொழில். மாமா... உங்களுக்கும் சேர்த்துத்தான்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"நியாயமான தீர்ப்பு மாப்பிள்ளை."

"அப்பீல்... இல்லையா?"

"எதுக்கு? என் வேலைதான் முடிஞ்சுதே."

அப்பாடா! கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியில் துணிமூட்டை மாதிரி விழுந்தார். டிரைவர் டிராகன் பொம்மையை நிமிர்த்தி வைத்தார். நர்ஸ் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு கேக்குக்குக் கை நீட்டினாள்.

தட்டில் தூள்தான் இருந்தது.

எல்லாரும் டிரைவரைப் பார்த்தார்கள்.

"சத்தியமா நான் ஒண்ணுதாங்க எடுத்தேன்!"

மாமனார் எழுந்தார். முதுகை நிமிர்த்தினார். மீசையில் கேக் தூள்.

"காவலரே, எடுத்தது நான்தான். நீங்க புத்தகம் பார்க்கறப்ப எல்லாம். விலாசம், இதே வீடு, பின்னறை."

"ஐயோ அங்கிள், உங்க சர்க்கரை!" என்று நர்ஸ் அலறினாள். ஊருக்கே பார்வை சரிசெய்கிற மனிதர் மனைவி வரும் வழியைப் பார்த்தார்.

அவள் நிதானமாக வந்து காலித் தட்டை எடுத்தாள்.

"யாரும் பதற வேண்டாம். அப்பா என்னிக்கு சட்டம் பேச ஆரம்பிச்சாரோ, அன்னிக்கே கேக்குக்கு சர்க்கரை போடறதை நிறுத்திட்டேன்."