வரதன் வாங்காத கடன்

"நான் வாங்காத கடனுக்கு நான் இன்னாத்துக்கு சார் துட்டு கட்டணும்?"

வரதன் போட்ட சத்தத்தில் வங்கியில் டோக்கனோடு காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் எழுந்து உள்ளே போய்விட்டார். கடன் பிரிவு ராமசெல்வி மட்டும் அசரவில்லை.

"உங்க கிரெடிட் ரிப்போர்ட் அப்படித்தான் சொல்லுது. வீட்டுச் சாமான் கடன், முப்பத்தெட்டாயிரம். மூணு தவணை கட்டலை. இதைச் சரி பண்ணாம வண்டிக் கடன் வராது."

பதினாலு வருஷமாக அடுத்தவன் வண்டியில் துறைமுகச் சரக்கு ஓட்டித் தேய்ந்தவன் வரதன். இப்போதுதான் ராயபுரம் யேசுதாஸ் தன் லோடு ஆட்டோவை அவனுக்கு விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆவணி பிறக்கும்வரை பொறுப்பார். அப்புறம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

மனைவி செங்கொடியின் தம்பி பகலவன் விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனான். மச்சான் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

"நீ கம்முனு குந்து மாமா. ஆன்லைன்ல புகார் போடணும். அல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"ஆதார் ஜெராக்ஸ் கேப்பானே, எங்க வெச்சேனோ..."

"தேடாத. எங்கிட்ட ஒண்ணு கீது."

என்ன முன்யோசனை! வரதனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'கடன் என்னுடையது அல்ல' என்பதை விட்டுவிட்டு, 'முகவரி தவறு' என்பதில் டிக் அடித்திருந்தான் பகலவன். கடன் அப்படியே இருந்தது. வரதனின் முகவரி மட்டும் புளியந்தோப்பில் பகலவன் வீட்டுக்குக் குடிபோயிருந்தது.

"கை தவறிடுச்சு மாமா."

"வுடு, பரவால்ல. மறுபடி போடு."

மறுபடி போட்டான். இந்த முறை, வரதன் நாள் தவறாமல் கட்டி முடித்த பைக் கடன் 'என்னுடையது அல்ல' என்று போய்விட்டது. ராமசெல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உங்க ரிப்போர்ட்ல உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான். அதையும் வேணாம்னுட்டீங்களா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். ஆவணிக்கு இன்னும் பத்தே நாள். மணலியிலிருந்து வேறொருவர் வந்து வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனதாக யேசுதாஸ் போனில் சொன்னார். வரதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மூணாவது தபா கரெக்டா போட்டுடுறேன் மாமா" என்றான் பகலவன்.

வரதன் கையெடுத்துக் கும்பிட்டான். மறுநாள் மச்சானிடம் சொல்லாமல் கடன் கொடுத்த கம்பெனிக்கே நேரில் போய் நின்றான்.

"என் வூட்டுக்கு வந்து பாருங்க சார்! தவணைல வாங்கின கரண்டி ஒண்ணு இருந்தாகூட மொத்தத்தையும் நானே கட்டிடறேன். எழுதியே தரேன்!"

எழுதியும் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியிலிருந்து ஜெரின் என்பவன் வந்தான். அன்றைக்கென்று பகலவனும் அக்கா வீட்டில் வஞ்சிர மீன் குழம்போடு உட்கார்ந்திருந்தான். வரதன் வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினான்.

"டிவி, மாமியார் வூட்டுது. கட்டிலு, ரொக்கத்துக்கு வாங்கினது. வாஷிங் மெஷின் கெடையாது, நான்தான் தொவைக்கிறேன்."

"அந்த ஃபிரிட்ஜ்?"

வரதன் முகம் பூரித்தது. "என் பொண்ணு சடங்குக்கு இதோ இவன் வெச்ச சீரு சார்! மேளத்தோட வந்து எறங்குச்சு. தெருவே வாயப் பொளந்துகினு பாத்துச்சு. இந்த மனசு யாருக்கு வரும்?"

ஜெரின் ஃபிரிட்ஜை நகர்த்தினான். பின்னால் இருந்த நம்பரையும் கையிலிருந்த தாளையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தான். பகலவன் பாதிச் சோற்றில் எழுந்து செருப்பைத் தேடினான்.

"அண்ணே," என்றான் ஜெரின், "உங்க பொண்ணுக்குத் தாய்மாமன் சீர் செஞ்சதே நீங்கதான்!"