பட்டு நூல் சுற்றிய டிரில்

ஒழுங்காக வேலை செய்கிறவனிடம் ஒரு கெடுதல் உண்டு: முட்டாள்தனத்தையும் அவன் ஒழுங்காகவே செய்வான். நான் செய்தேன்.

அறுபதுகளின் கடைசியில், வீட்டுக்கு வீடு பட்டுத் தறி ஓடும் பிள்ளையார்பாளையத்தில், லேத் பட்டறை ஒன்றில் தற்காலிக ஆளாக இருந்தேன். வாலாஜாபாத் அரிசி மில்லின் புல்லியில், அதாவது பெல்ட் ஓடும் இரும்புச் சக்கரத்தில், பெரிய துளை ஒன்றைச் சரியாகப் போட்டுவிட்டால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

துளை போடும் பெரிய டிரில் கம்பியின் பிடிப்பகுதி கூம்பாக இருக்கும். மெஷினில் அதே சரிவில் ஒரு குழி. திருகு கிடையாது, ஆணி கிடையாது. மேலே தள்ளி ஒரு தட்டு தட்டினால் இரண்டு இரும்பும் முழு நீளத்துக்கும் கவ்விக்கொள்ளும். அந்தப் பிடிதான் டிரில்லைச் சுழற்றும். எங்கள் டிரில்லோ தேய்ந்துபோனது. தள்ளத் தள்ள நழுவி விழுந்தது.

எங்கள் தெருவில் கத்திப்பிடி ஆடினாலும் குடைக்கம்பி ஆடினாலும் கழிவுப் பட்டு நூலைச் சுற்றி இறுக்குவார்கள். நானும் சுற்றினேன். இழைமேல் இழை ஏறாமல், நெருக்கமாக, அழகாக. (நெசவுக்காரர்கள் பார்த்திருந்தால் கூலியே கொடுத்திருப்பார்கள்.) டிரில் கச்சிதமாக நின்றது.

ஸ்விட்சைப் போட்டேன். புல்லியைத் தொட்டதும் டிரில் அப்படியே நின்றுவிட்டது. மெஷின் மட்டும் சுற்றியது. பலம் போதவில்லை என்று இன்னும் அழுத்தினேன். புகை வந்தது. பட்டு எரிந்தால் முடி கருகுகிற நாற்றம் வரும். அது அந்தப் பேட்டையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"ஐயோ, யார் வூட்டு தறிமா எரியுது?"

"பட்டறையிலேர்ந்து வருதுக்கா! தண்ணி எடுத்தா!"

தறியை விட்டு ஓடிவந்த பெண்கள் மெஷின்மேல், மோட்டார்மேல், என்மேல் குடம் குடமாகக் கொட்டினார்கள். மோட்டார் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

முதலாளி வந்து, கருகிய நூலை நகத்தால் சுரண்டினார்.

"இன்னாபா இது?"

"பட்டு நூலுங்க. புடிப்புக்கு."

"இரும்பும் இரும்பும் ஒட்டினாத்தான்பா புடிக்கும். நடுவுல நீ பொடவ கட்டி வுட்டுக்கினு இருக்கியே!" இன்னும் கொஞ்சம் சுரண்டினார். "நல்லாத்தான் சுத்தியிருக்க. நாளைக்கு வராத."

நான் அழுததாக அந்தப் பெண்கள் பிறகு ஊரெல்லாம் சொன்னார்கள். தலையிலிருந்து வடிந்த தண்ணீர்தான் அது என்று வாதாட எனக்குத் தெம்பில்லை.

வேறு எந்தப் பட்டறையும் என்னைச் சேர்க்கவில்லை. எனக்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பட்டுக் கடையில் கணக்கு எழுதப் போனேன், இன்றும் அங்கேதான்.

வீட்டில் எது தீய்ந்தாலும் என் மனைவி அடுப்பைப் பார்ப்பதில்லை. "ஏங்க, எந்த மெஷினத் தொட்டீங்க?" என்று என்னைத்தான் தேடி வருகிறாள், கையில் ஒரு செம்புத் தண்ணீரோடு.